மொறிஸ் மைனர்: ஸ்ராட்டர் 'டக்' என்று நிற்கிறது, சைலன்சர் வெடிக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அப்பப்பாவின் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 பல வருடம் கொட்டிலில் நின்றிருக்கிறது. இப்போது ஸ்ராட்டர் பிடியை இழுத்தால் சில நேரம் 'டக்' என்று ஒரே சத்தத்தோடு நின்றுவிடுகிறது, சில நேரம் மோட்டர் மட்டும் தனியே சுற்றுகிறது. தள்ளிவிட்டால் எஞ்சின் பிடிக்கிறது, ஆனால் பிடிக்கிற கணத்தில் சைலன்சருக்குள் ஒரு வெடி. ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் 'டிக் டிக்' என்ற சத்தம், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் படபடப்பு. கராஜில் புது ஸ்ராட்டரும் புது சைலன்சரும் போடச் சொல்லியிருக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இவை இரண்டும் தனித்தனிப் பழுதா, ஒன்றில் இருந்து மற்றது வந்ததா என்பது. அதற்குப் பதில் தெரிந்தால் வாங்குவதா இல்லையா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்றும் வாங்காதீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை பழகியவன், மைனரில் இருக்கும் இந்த ஏ சீரீஸ் எஞ்சின்களோடுதான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. ஸ்ராட்டர் சோர்ந்த காரில் சைலன்சர் வெடிப்பது ஆச்சரியமே இல்லை. காரணம் எளிது. ஸ்ராட்டர் சுற்றும்போது நூறு அம்பியருக்கு மேல் இழுக்கிறது. பற்றரியோ அதன் இணைப்புகளோ பலவீனமாக இருந்தால் அந்த நேரம் பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலுக்குப் போகும் வோல்ற்றளவும் விழுந்துவிடும், பிளக்கில் பொறி நோஞ்சானாகிவிடும். அப்போது எரியாத பெற்றோல் ஆவி புகைக்குழாய் வழியே போய் சைலன்சருக்குள் தேங்கும். கடைசியில் ஒரு சிலிண்டர் பிடித்ததும் அந்தத் தீ தேங்கிய ஆவிக்கும் போகும். நீங்கள் கேட்கும் வெடி பெரும்பாலும் இதுதான். இதைத் திருத்தாமல் புது சைலன்சர் பூட்டினால் அதன் பொருத்தும் சில மாதத்தில் பிரிந்துவிடும்.

ஆகவே பற்றரியில் இருந்து தொடங்குங்கள். முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கார் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு இணைந்திருக்க வேண்டும். இடையில் யாராவது நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றியும் இருக்கலாம், பார்த்து உறுதிப்படுத்துங்கள். பற்றரியைத் தலைகீழாக மாட்டினாலும் இந்த வகை ஸ்ராட்டர் அதே திசையில்தான் சுற்றும், அதனால் பிழை நடந்ததே தெரியாது. ஆனால் கொயிலின் முனைவு மாறிவிடும், பொறி இன்னும் பலவீனமாகும், டைனமோவும் குழம்பும். கொயில் புதிதென்றால் அதன் வயர்களையும் பாருங்கள். பிளஸ், மைனஸ் அடையாளம் உள்ள கொயிலில், பொசிற்றிவ் எர்த் காருக்கு, பிளஸ் பக்கம்தான், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பலர் இன்றைய கார் பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடுகிறார்கள்.

இனி ஹெட்லைற்றைப் போட்டுவிட்டு ஸ்ராட்டர் பிடியை இழுங்கள், ஒருவர் முன்னால் நின்று வெளிச்சத்தைப் பார்க்கட்டும். வெளிச்சம் அப்படியே இருந்து ஸ்ராட்டர் சத்தமே போடாவிட்டால் மின்சாரம் மோட்டருக்குப் போகவில்லை: சுவிட்ச், கேபிள் அல்லது மோட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ். வெளிச்சம் மங்கி மஞ்சளாகிப் போனால் மோட்டர் மின்சாரத்தை இழுக்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை: பற்றரி சோர்ந்திருக்கலாம், அல்லது ஸ்ராட்டரின் பல்சக்கரம் இறுகியிருக்கலாம். வெளிச்சம் முழுதாக அணைந்து, பிடியை விட்டதும் திரும்பி வந்தால் பற்றரி முனையில் இணைப்புச் சரியில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை, ஆனால் பாதி வழியைக் காட்டிவிடும்.

மற்றப் பாதிக்கு ஒரு மல்ற்றிமீற்றர் வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். ஸ்ராட்டர் சுற்றும்போது 10 வோல்ற்றுக்குக் கீழே போனால் பற்றரியைச் சந்தேகியுங்கள். அடுத்ததுதான் பலர் செய்யாமல் விடுவது. மீற்றரின் ஒரு கம்பியை பற்றரியின் பிளஸ் ஈயக் குமிழிலேயே பிடியுங்கள், கிளிப்பில் பிடிக்க வேண்டாம். மற்றதை ஸ்ராட்டர் மோட்டரின் உடலில் பிடித்து, ஸ்ராட்டரை இழுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் பழுது. அதேபோல மைனஸ் குமிழில் இருந்து ஸ்ராட்டர் முனை வரைக்கும் பாருங்கள். மீற்றர் இல்லையென்றால் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை பற்றரியின் எர்த் முனையில் (மாற்றாத காரில் பிளஸ்) இருந்து நேரே எஞ்சின் இரும்புக்குக் கொடுத்துப் பாருங்கள். அதோடு ஸ்ராட்டர் உசாராகச் சுற்றினால் உங்கள் பழுது அகப்பட்டுவிட்டது.

எர்த்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மைனரின் எஞ்சினும் கியர்பொக்ஸும் இறப்பர் மவுண்ட்களில் இருக்கின்றன, பொடியோடு இரும்பு தொடுவதில்லை. இரண்டையும் இணைப்பது கீழே கியர்பொக்ஸ் பக்கத்தில் இருக்கும் பின்னல் பட்டை ஒன்றுதான். காரை உயர்த்தி, அச்சுத்தாங்கியில் நிறுத்தி, கீழே படுத்துப் பாருங்கள். ஒயிலும் புழுதியும் சேர்ந்து கறுத்துப்போய் இருக்கும், துடைத்தால்தான் அங்கே ஒரு பட்டை இருப்பதே தெரியும். விரலால் மடக்கினால் பின்னல் இழைகள் பச்சைத் தூளாக உதிரும். கடற்கரைக் காற்றில் நின்ற காரென்றால் நிச்சயம் அப்படித்தான் இருக்கும். சில கார்களில் பட்டையே இருக்காது, எப்போதோ கியர்பொக்ஸ் இறக்கியவர் திரும்பப் பூட்டாமல் விட்டிருப்பார். அப்போது ஸ்ராட்டரின் மின்சாரம் சோக் கேபிள், அக்சிலேற்றர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்ராட்டர் இழுத்தபின் சோக் கேபிளைத் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள், சுட்டால் வேறு அத்தாட்சி தேவையில்லை. பட்டையைப் புதிதாகப் போடுங்கள், இரண்டு முனையிலும் பெயின்றையும் கறளையும் வெள்ளி இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

இதெல்லாம் சரியென்றால்தான் ஸ்ராட்டருக்கு வர வேண்டும். உங்கள் காரில் இருப்பது லூக்காஸ் எம்35ஜி வகை, பென்டிக்ஸ் முறையில் வேலை செய்வது. மோட்டர் சட்டென்று சுற்றத் தொடங்கும்போது, சுருள்வெட்டுள்ள தண்டில் இருக்கும் சிறிய பல்சக்கரம் தன் பாரத்தால் பின்தங்கி, தண்டு வழியே நகர்ந்து, எஞ்சினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் பல்லைப் பிடிக்கிறது. எஞ்சின் பிடித்ததும் எறியப்பட்டுத் திரும்பி வருகிறது. மோட்டர் மட்டும் தனியே சுற்றுகிறது என்றீர்களே, அது அந்தப் பல்சக்கரம் தண்டில் ஒட்டிப்போய் நகரவில்லை என்பதன் அடையாளம். பல வருடம் நின்ற காரில் கிளச் தூளும் பழைய ஒயிலும் காய்ந்து பசையாகியிருக்கும். ஸ்ராட்டரைக் கழற்றி, அந்தத் தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, அப்படியே பூட்டுங்கள். கிறீஸோ ஒயிலோ பூசாதீர்கள், பூசினால் கிளச் தூள் வந்து ஒட்டி மறுபடி இதே கதைதான். கழற்றும்போது பற்றரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். இழுக்கும் பிடி உள்ள கார்களில் பற்றரியில் இருந்து சுவிட்ச்சுக்கு வரும் தடித்த கேபிளில் திறப்பை மூடியிருந்தாலும் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பனர் பட்டால் தீப்பொறி பறக்கும்.

'டக்' என்று நிற்பது இன்னொரு வகை. பல்சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் கடித்து இறுகிவிட்டது. அந்த நேரம் திரும்பத் திரும்ப இழுத்தால் மோட்டர் எரியும். திறப்பை மூடி, டொப் கியரில் போட்டு, கைப்பிரேக்கை விட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'கிளிக்' என்று விடுபடும். ஆட்ட இடமில்லையென்றால் ஸ்ராட்டரின் முன்முனையில் சிறிய தகரத் தொப்பி ஒன்று இருக்கும், அதை எடுத்தால் உள்ளே சதுரமாக வெட்டிய தண்டு முனை தெரியும். ஸ்பனரால் திருப்பி விடுவிக்கலாம். இது எப்போதாவது ஒருமுறை நடந்தால் பரவாயில்லை. அடிக்கடி நடந்தால் ஃப்ளைவீல் பல் தேய்ந்திருக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது கொம்பிரஷன் காரணமாக எப்போதும் கிட்டத்தட்ட இரண்டே இடங்களில்தான் நிற்கும், எதிரெதிராக. அந்த இரண்டு இடத்தில்தான் பல் தேயும். ஸ்ராட்டரைக் கழற்றிய துவாரத்தால் ரோர்ச் அடித்து, ஒருவர் முன்னால் விடும் ஹாண்டிலால் எஞ்சினை மெல்லத் திருப்ப, சுற்றிவரப் பாருங்கள். பல் மொட்டையாகியிருந்தால் கியர்பொக்ஸ் அல்லது எஞ்சின் இறக்க வேண்டிய வேலை. அந்த நிலையில் புது ஸ்ராட்டர் போட்டும் பயனில்லை. அதனால்தான் காசு கொடுப்பதற்கு முன் இந்தப் பல்லைப் பார்க்கச் சொல்கிறேன்.

மோட்டரையே திறக்கும் தைரியம் இருந்தால், உள்ளே நாலு கார்பன் பிரஷ் இருக்கும். சுமார் 8 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். கொமியூற்றேற்றர் (பிரஷ் தொடும் செப்பு வளையம்) கறுத்திருந்தால் மெல்லிய கண்ணாடித் தாளால் தேயுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கிடையில் மாட்டினால் மின்சாரம் குறுக்கே பாயும். டைனமோவில் செய்வதுபோல பட்டைகளுக்கிடையில் உள்ள மைக்காவை வெட்டித் தாழ்த்தக் கூடாது, ஸ்ராட்டருக்கு அது வேண்டாத வேலை. முனையில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் (சுற்றும் உள்பகுதி) ஒரு பக்கம் சாய்ந்து காந்தக் கட்டைகளில் உரசும். உரசிய இடம் மினுங்கும், பார்த்ததும் தெரியும். புது புஷ்ஷை ஒரு நாள் முழுக்க ஒயிலில் ஊறவிட்டுப் பூட்டுங்கள். நல்ல வைண்டிங்காரர் கிடைத்தால் இந்த வேலையை அவரிடம் கொடுப்பதே நல்லது. புது ஸ்ராட்டரில் எனக்குக் கோபமில்லை, நன்றாகத்தான் சுற்றும். ஆனால் எர்த்தும் பல்லும் சரியாக உள்ள 948 சி.சி. எஞ்சினுக்கு அதன் சொந்த ஸ்ராட்டரே தாராளம்.

இனிப் புகைக்குழாய்ப் பக்கம். 'டிக் டிக்' சத்தத்துக்கு மூன்று இடம் உண்டு, மூன்றும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும். திறப்பைப் போட்டதும், எஞ்சின் ஓடாமலே கேட்டால் அது பெற்றோல் பம்ப், மைனரில் அது மின்சாரத்தில் வேலை செய்வது, கொஞ்சம் அடித்துவிட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் பெற்றோல் எங்கோ ஒழுகுகிறது அல்லது ராங்கில் பெற்றோல் இல்லை. எஞ்சின் ஓடும்போது சூடானாலும் மாறாமல் கேட்டால் ரப்பற் (tappet, வால்வைத் தள்ளும் பகுதி) இடைவெளி, இந்த எஞ்சினுக்கு அது 0.012 அங்குலம். குளிரில் கேட்டு, சூடானதும் குறைந்தால், எஞ்சினில் இருந்து புகையை வாங்கும் மனிஃபோல்ட்டின் காஸ்கற்றில் (இடையில் வைக்கும் அடைப்புத் தகட்டில்) ஒழுக்கு. இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால்தான் சத்தம் குறைகிறது. நீங்கள் சொன்னது மூன்றாவதோடுதான் பொருந்துகிறது.

உறுதிப்படுத்த, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்ரார்ட் பண்ணி, பின்னால் ஒருவர் ஈரச் சாக்கைத் திணித்து, குழாய் வாயைச் சில விநாடிகள் அடைக்கட்டும். ஒழுக்கு உள்ள இடத்தில் 'சர்' என்று சீறும். எந்த இடமும் சீறாமல், எஞ்சின் திணறி நின்றுவிட்டால் குழாய் நல்லது. பிறகு அந்த இடத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் எஞ்சின் தலையில் மனிஃபோல்ட் சேரும் இடம், அடுத்தது மனிஃபோல்ட்டும் கீழ்க்குழாயும் சேரும் கிளாம்ப், அதற்குப் பிறகு சைலன்சரின் பொருத்துகள். கிளாம்ப்தான் இந்த எஞ்சின்களின் பழைய தலைவலி. அதன் இரண்டு பாதிகளும் சரிவான உள்வெட்டால் குழாயின் விளிம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதிகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டும்வரை இறுக்கியும் குழாய் ஆடினால் கிளாம்ப் தேய்ந்துவிட்டது, மேலும் இறுக்குவதில் அர்த்தமில்லை.

மனிஃபோல்ட் நட்டுகள் பித்தளையாக இருக்க வேண்டும், இரும்பு நட் ஸ்ரட்டோடு கறள் பிடித்து ஒன்றாகிவிடும். கழற்றுமுன் முதல் நாளே கறள் இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்பனர் அங்குல அளவு, மில்லிமீற்றர் ஸ்பனர் விட்டால் மூலை வழுக்கும். மனிஃபோல்ட் கழன்றதும் இரும்பு அடிமட்டத்தை முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், இடையில் ஒளி தெரிந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். எடுக்காமல் புதுக் காஸ்கற் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. பூட்டி ஓடி ஆறியபின் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

காலை எடுக்கும்போது வரும் படபடப்புக்கு மேலே சொன்ன ஒழுக்கே காரணமாக இருக்கலாம், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு எரியாத ஆவியோடு சேர்கிறது. ஆனால் எனக்கு இதில் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, இது சந்தேகம்தான், நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் கார் 90களில் யாழ்ப்பாணத்தில் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோல் கிடைக்காத அந்தக் காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின, கொஞ்சம் பெற்றோல் காட்டி எஞ்சினைப் பிடிக்க வைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் சீக்கிரம் தட்டும், அதற்காக இக்னிஷன் நேரத்தை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைப்பார்கள். அந்த அமைப்பு அப்படியே இருந்துவிட்டால் இன்று பெற்றோல் ஊற்றினாலும் தீ தாமதமாக எரியும், எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். குழாய் அளவுக்கு மீறிச் சுடும், சைலன்சர் வெடிக்கும், வால்வின் விளிம்பும் கருகும். டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்து, நேரத்தைக் கைநூலில் சொன்னபடி புதிதாக வையுங்கள்.

வால்வு கருகியிருக்கிறதா என்று பார்க்க கொம்பிரஷன் மீற்றர் இல்லாமலே முடியும். எஞ்சின் சும்மா ஓடும்போது குழாய் வாயில் ஒரு தாளைத் தளர்வாகப் பிடியுங்கள். தாள் ஒரே சீராக வெளியே தள்ளப்பட வேண்டும். இடையிடையே உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸோஸ்ட் வால்வு ஒன்று மூடவில்லை. இன்னொரு வழி, திறப்பை மூடி, கியரை நடுவில் விட்டு, ஹாண்டிலை மெல்லத் திருப்புவது. இரண்டு சுற்றில் நாலு முறை கை கனக்க வேண்டும், நாலும் ஒரே அளவு. ஒன்று லேசாகப் போனால் அந்தச் சிலிண்டரில் பழுது. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடித்தால் ஹாண்டில் திருப்பி அடிக்கும்போது விரல் முறியும். இன்றைய பெற்றோலில் ஈயம் இல்லாததால் இந்தப் பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் எக்ஸோஸ்ட் வால்வின் இருக்கை மெல்ல மெல்லத் தேய்ந்து ரப்பற் இடைவெளி சுருங்கும். அதனால் எக்ஸோஸ்ட் இடைவெளிகளை அடிக்கடி பாருங்கள். சத்தமில்லாத ரப்பற் நல்லது என்று நினைக்க வேண்டாம், இந்த எஞ்சினில் கொஞ்சம் சத்தம் இருப்பதே ஆரோக்கியம்.

கார் நின்ற காலத்தைப் பார்த்தால் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கவும் கூடும். வளையும் கம்பியை விட்டுப் பாருங்கள். சைலன்சரைக் கையால் தட்டினால் உள்ளே தகரம் கலகலக்கிறதென்றால் அதை மாற்றத்தான் வேண்டும், அதில் உங்கள் கராஜ்காரர் சொன்னது சரி. ஒட்டுப் போடுவதென்றால் குழாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். மைனரின் பெற்றோல் ராங் பின்னால் டிக்கிக்குக் கீழே, குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. காரில் இருக்கும்போது வெல்டிங் பொறி பறக்க விடக் கூடாது.

ஒழுக்கு இருக்கும்வரை இந்தக் காரைக் கொட்டிலுக்குள் ஓடவிட்டுக்கொண்டு நிற்காதீர்கள், கண்ணாடியை மூடிக்கொண்டு தூரம் போகவும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. பழைய மைனரில் தீச்சுவரிலும் (எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரம்) தரையிலும் கேபிள் போகும் ஓட்டைகளின் இறப்பர் உக்கிப் போயிருக்கும், புகை அந்த வழியால் உள்ளே வரும். ஓடும்போது தலைவலி, தூக்கம் வந்தால் நிறுத்தி வெளியே இறங்குங்கள்.

மூன்று விஷயத்தை எழுதி அனுப்புங்கள்: எர்த் பக்கத்து வோல்ற் எவ்வளவு, ஃப்ளைவீல் பல் எப்படி இருக்கிறது, தாள் உள்ளே இழுக்கப்பட்டதா. எர்த் மட்டும்தான் பழுதென்றால் சைலன்சர் வெடியும் அதோடு நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன். நிற்காவிட்டால் தலையைக் கழற்றுவதைப் பற்றிப் பேசலாம், அதுவரை பழைய ஸ்ராட்டரை எறியாமல் வைத்திருங்கள் தம்பி.